கடன் கொடுத்தவரே வந்து கருத்துக் கேட்டால்

உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். வளர்ச்சிப் பணிகளுக்குக் கடன் தரும் ஒரு பன்னாட்டு வங்கி, உங்கள் தொண்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எங்கள் வேலை பயன்படுகிறதா, எதில் சறுக்குகிறோம் என்று வரிசையாகக் கேள்விகள். கடன் கொடுக்கும் இடத்தில் இருப்பவரே வந்து கேட்டால் யார் மனம் விட்டுச் சொல்வார்கள் என்பது உங்கள் முதல் சந்தேகம். நேரம் செலவழித்து அதை நிரப்புவதால் ஏதாவது நடக்குமா என்பது இரண்டாவது.

இப்படிப்பட்ட கணிப்புகளில் கேள்வித்தாள் தயாரிப்பது, ஆட்களை நேரில் பார்த்துக் கேட்பது, வந்த பதில்களைக் கணக்குப் போடுவது என்று மூன்று வேலையையும் பல வருடம் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உண்மை வரும். ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடும் சராசரி மதிப்பெண்ணில் அதைத் தேடினால் கிடைக்காது. ஒரு தரப்பு சொன்னதற்கும் இன்னொரு தரப்பு சொன்னதற்கும் நடுவே உள்ள இடைவெளியில் தேட வேண்டும். யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவே இல்லை என்பதில் தேட வேண்டும்.

இந்த வகைக் கணிப்பு புதிதல்ல. உலக வங்கி 2002-ஐ ஒட்டிப் பல நாடுகளின் கருத்துத் தலைவர்களிடம், அதாவது மற்றவர்களின் கருத்தை வழிநடத்தும் இடத்தில் இருப்பவர்களிடம், தன்னைப் பற்றி ஒரு பெரிய கணிப்பு நடத்தியது. ஆசிய வளர்ச்சி வங்கி 2006-லும் 2009-லும் அதேபோல் நடத்தியது. இப்போது உலக வங்கி தான் கடன் தரும் நாடுகள் எல்லாவற்றிலும் சுமார் மூன்றாண்டுக்கு ஒருமுறை என்ற சுழற்சியில் கேட்கிறது. அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், அமைச்சக அதிகாரிகள், உள்ளாட்சிக்காரர்கள், வங்கிப் பணத்தில் நடக்கும் திட்டங்களின் மேலாண்மைப் பிரிவில் வேலை செய்பவர்கள், பிற உதவி அமைப்புகள், தனியார் துறை, தொண்டு நிறுவனங்கள், ஊடகம், பல்கலைக்கழகம் என்று பட்டியல் நீளும். பெரும்பாலான கேள்விகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். வங்கியின் வேலை எந்த அளவு பலன் தருகிறது, நாட்டின் தேவைக்கு எந்த அளவு பொருந்துகிறது, வங்கியை எந்த அளவு நம்புகிறீர்கள் என்பவை மையக் கேள்விகள். வங்கியின் பெரிய பலம் எது, பெரிய பலவீனம் எது என்றும் கேட்பார்கள். ஒரு நாட்டுடன் அடுத்த சில ஆண்டுகளுக்கான உத்தியை வங்கி எழுதும்போது இந்த முடிவுகளையும் மேசையில் வைத்துக்கொள்கிறது. தனிநபர் அடையாளம் நீக்கிய மூலத் தரவைத் தன் தரவு நூலகத்தில் போட்டு வைக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இதை நான் உண்மையாகவே பாராட்டுகிறேன். தன்னைப் பற்றிய புகாரைத் தானே அச்சிட்டு வெளியே வைக்க ஒரு மனம் வேண்டும்.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். 'ஸ்டேக்ஹோல்டர்' என்பதைத் தமிழில் பெரும்பாலும் 'பங்குதாரர்' என்று எழுதிவிடுகிறோம். மற்ற இடங்களில் அது சும்மா ஒரு மொழிபெயர்ப்புக் குழப்பம். இந்த வங்கிகள் விஷயத்தில் அது பொருளையே தலைகீழாக்கிவிடும். ஏனென்றால் இவற்றுக்கு உண்மையான பங்குதாரர்கள் இருக்கிறார்கள்: மூலதனம் போட்ட உறுப்பு நாடுகளின் அரசுகள். உலக வங்கிக்கு 189 உறுப்பு நாடுகள். போட்ட பங்கை ஒட்டித்தான் ஓட்டு. அமெரிக்காவிடம் மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் ஓட்டு இருப்பதாலும், வங்கியின் அமைப்பு விதிகளை மாற்ற 85 சதவீத ஓட்டு வேண்டும் என்பதாலும், அது சம்மதிக்காமல் அந்த விதிகளை மாற்ற முடியாது. கருத்துக் கணிப்பில் கேட்கப்படுபவர்களுக்கு அப்படி ஓட்டு எதுவும் கிடையாது. வங்கி எடுக்கும் முடிவால் அவர்கள் வாழ்வோ வேலையோ பாதிக்கப்படும், அவ்வளவுதான். அதனால் நான் 'தொடர்புடையோர்' என்றே எழுதுவேன். ஓட்டு இல்லாதவர்களிடம் எடுக்கும் கணிப்பு என்பதால்தான் அதைச் சரியாகச் செய்ய வேண்டியது இவ்வளவு முக்கியம்.

சரி, இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன்.

ஒரு நாட்டில், பெயர் வேண்டாம், நீர்வளத் துறையின் மூத்த அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனேன். வங்கிக் கடனில் அவர் துறையில் ஒரு பெரிய திட்டம் நடந்துகொண்டிருந்தது. மரியாதையாக உட்கார வைத்தார். படிவத்தை வாங்கினார். முதல் கேள்விக்கு 8 போட்டார். அடுத்ததற்கும் 8. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே 8, 8, 8 என்று கீழே வரை வந்துவிட்டார். 'வங்கியின் பெரிய பலவீனம் எது' என்ற கேள்வியில் பேனா கொஞ்சம் நின்றது. 'குறிப்பிட எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பெயரே வேண்டாம் என்றேன். படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

அப்புறம்தான் பேச்சு வந்தது. பம்புகள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். தேர்வு முடிந்து, வங்கியின் 'நோ அப்ஜெக்ஷன்' கடிதத்துக்குக் கோப்பை அனுப்பியிருக்கிறார்கள். ஒப்பந்தம் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் கையெழுத்துப் போடும் முன் வங்கி ஆட்சேபணை இல்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் அந்தக் கடிதம். கோப்பு மூன்று முறை விளக்கம் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர், வேறு ஒரு கேள்வி. கடைசியில் கடிதம் வந்தபோது ஒப்பந்தப்புள்ளியின் செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. அதற்குள் ஒரு பாசனப் பருவம் போய்விட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வேதனை இன்னும் என் காதில் இருக்கிறது.

"இதை எழுதியிருக்கலாமே ஐயா" என்றேன்.

"அடுத்த மாதம் வங்கியிலிருந்து மிஷன், அதான் ஆய்வுக் குழு, வருகிறது. இரண்டாம் கட்டக் கடனுக்குப் பேச்சு நடக்கிறது. இந்த நேரத்தில் போய் நான் எதை எழுதுவது?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. தன் துறைக்கு வரவேண்டிய பணத்தைக் காப்பாற்றிக்கொண்டார். பெயர் எழுத வேண்டாம் என்று நாங்கள் சொன்ன வாக்கு அவரிடம் எடுபடாததற்கும் நியாயமான காரணம் இருந்தது. அந்த நாட்டில், அந்தத் துறையில், அந்தப் பதவி நிலையில் இருந்தவர்கள் நான்கைந்து பேர்தான். 'நீர்வளம், மூத்த அதிகாரி, வங்கியோடு நேரடியாக வேலை செய்பவர்' என்ற மூன்று கட்டத்தை டிக் செய்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். பெயரை மறைப்பது சுலபம், ஆளை மறைப்பது கஷ்டம். நல்ல கணிப்பாளர்கள் இதற்காகவே, ஒரு குழுவில் பதில் தந்தவர்கள் மிகக் குறைவாக இருந்தால் அந்தக் குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாமல் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடுவார்கள். மூல விடைத்தாள் வங்கி அலுவலகத்தின் கைக்குப் போகாமல், வெளியிலிருந்து வந்த கணிப்பு நிறுவனத்திடமே இருக்கும்படி ஒப்பந்தம் போடுவார்கள். உங்களுக்கு வந்த படிவத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். பதில் போய்ச் சேரும் முகவரி வங்கியின் உள்ளூர் அலுவலகமாக இருந்தால் நான் நிரப்பத் தயங்குவேன்.

முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்குவதைக் கணிப்புத் துறையில் உபசாரச் சாய்வு என்று சொல்லலாம். அதை மட்டுப்படுத்த உத்திகள் உண்டு. நேரில் கேட்பதைவிட இணையப் படிவத்தில் ஆட்கள் கொஞ்சம் தைரியமாக எழுதுவார்கள். 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் இன்னொரு வழியை முன்வைத்தார். சங்கடமான கேள்விக்குப் பதில் சொல்லும் முன், பதில் சொல்பவர், கேட்பவருக்குத் தெரியாமல் ஒரு சுழல்சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து அந்தக் கேள்விக்கோ அதற்கு நேர்மாறான கேள்விக்கோ பதில் சொல்ல வேண்டும். எந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஆனால் மொத்தப் பேரின் விகிதத்தைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அழகான யோசனை. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கில் பதில் வேண்டும். ஒரு நாட்டில் இருநூறு முந்நூறு பேரை மட்டும் கேட்கும் இந்தக் கணிப்புகளில் அது ஓடாது. இங்கே எளிய வழிதான் சரி. "வங்கி நன்றாக வேலை செய்கிறதா" என்று கேட்காமல், "கடைசியாக நீங்கள் அனுப்பிய கோப்புக்குப் பதில் வர எத்தனை வாரம் ஆனது" என்று கேளுங்கள். அந்த அதிகாரி முதல் கேள்விக்கு 8 போடுவார். இரண்டாவதற்கு உண்மையான எண்ணைப் போட்டிருப்பார் என்று நான் உறுதியாகச் சொல்வேன். வாரக் கணக்கைச் சொல்வது புகார் செய்வதாகாது, தகவல் தருவதுதான்.

அடுத்தது பட்டியல். எனக்கு இதில்தான் எப்போதும் அதிகக் கவலை.

தெருவில் போகிறவரை மறித்துக் கேட்கும் தேர்தல் கணிப்பில், எல்லோரிலிருந்தும் சிலரைக் குலுக்கல் முறையில் எடுக்க வாய்ப்பாவது உண்டு. இங்கே அப்படி 'எல்லோரும்' என்று ஒரு பட்டியலே கிடையாது. ஒரு நாட்டின் வளர்ச்சியில் தொடர்புடையோர் அனைவரின் பெயரையும் யார் வைத்திருக்கிறார்கள்? கடைசியில் பட்டியலைத் தயார் செய்வதில் வங்கியின் அந்த நாட்டு அலுவலகத்துக்குப் பெரும் பங்கு வந்துவிடுகிறது. அவர்களுக்குத் தெரிந்தவர்கள் யார்? கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறவர்கள், திட்டங்களில் கூட வேலை செய்தவர்கள், வரவேற்பு நிகழ்ச்சியில் அட்டை மாற்றிக்கொண்டவர்கள். யாரும் வேண்டுமென்றே சதி செய்வதில்லை. தொலைபேசியில் எண் இருப்பவர்கள் பட்டியலுக்குள் வருகிறார்கள்.

பட்டியல் கோணினால் எத்தனை பதில் வந்தாலும் பயனில்லை என்பதற்கு 1936-ல் அமெரிக்கா பட்ட அனுபவம் ஒன்றே போதும். லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ், அதிபர் தேர்தலுக்கு முன் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். முகவரிகளைத் தொலைபேசிக் கையேட்டிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். அதோடு, சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களைப் போன்றவர்களும் அல்லர். இந்த இரண்டாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வங்கிக் கணிப்பிலும் அதேதான். கோபமாக இருப்பவர் சிலர் எழுதுவார்கள், திருப்தியாக இருப்பவர் சிலர் எழுதுவார்கள். அலுத்துப்போனவர் படிவத்தைத் திறக்கவே மாட்டார். அந்த அலுப்பு அறிக்கையில் எங்கேயும் பதிவாவதில்லை.

இதனால்தான் இப்படிப்பட்ட அறிக்கையில் 'பிழை வரம்பு இவ்வளவு சதவீதம்' என்று எழுதியிருந்தால் நான் முகம் சுளிப்பேன். பிழை வரம்பு என்பது குலுக்கலில் எடுத்த மாதிரிக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை பேர் பதில் தந்தார்கள், எந்தக் குழுவில் எத்தனை பேர் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டால் அதுவே போதும்.

குழு விகிதம் ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். அரசு அதிகாரிகள் வங்கிக்குச் சராசரியாக 8 தருகிறார்கள், மற்றவர்கள் 6 தருகிறார்கள் என்று வையுங்கள். இந்த முறை பதில் தந்தவர்களில் அதிகாரிகள் 40 சதவீதம். மொத்தச் சராசரி 6.8. மூன்று வருடம் கழித்து மறுபடி கேட்கிறார்கள்; அதிகாரிகள் அதே 8, மற்றவர்கள் அதே 6. ஆனால் இந்த முறை பதில் தந்தவர்களில் அதிகாரிகள் 60 சதவீதம். சராசரி 7.2 ஆகிவிடும். 'வங்கி மீதான மதிப்பு உயர்ந்திருக்கிறது' என்று ஒரு படம் போட்டு அம்புக்குறி மேலே காட்டுவார்கள். ஒருவருடைய மனம்கூட மாறியிருக்காது. நான் கணக்குப் போடும் இடத்தில் இருந்தபோது, குழுக்களின் விகிதத்தை முந்தைய ஆண்டுக்குச் சமப்படுத்தாமல் ஒப்பிட்ட வரைபடத்தை வெளியே விடமாட்டேன் என்று நின்றிருக்கிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

விகிதம் சரியாகவே இருந்தாலும் சின்ன வித்தியாசங்களைப் பெரிதுபடுத்தக் கூடாது. 200 பேர் பதில் தருகிறார்கள், பதில்கள் சராசரியிலிருந்து வழக்கமாக 1.8 அளவு சிதறியிருக்கின்றன என்றால், இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே 0.3 புள்ளி ஏறுவது வெறும் தற்செயலாகவே நடக்கலாம். நல்ல குலுக்கல் மாதிரியிலேயே அப்படி என்றால், இந்தப் பட்டியல்களில் கேட்கவே வேண்டாம்.

நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது இன்னும் ஆபத்து. ஒரு நாட்டில் 7 என்றால் பாராட்டு. இன்னொரு நாட்டில் 7 என்றால் 'பரவாயில்லை'. பள்ளியில் மதிப்பெண் போடும் பழக்கமே நாட்டுக்கு நாடு வேறு. இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2004-ல் வந்தது. அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் அவருடன் வேலை செய்தவர்களும் சீனாவிலும் மெக்சிகோவிலும் மக்களிடம், அரசு செய்வதில் உங்கள் சொல் எந்த அளவு எடுபடுகிறது என்று கேட்டிருந்தார்கள். நேராகக் கேட்டபோது மெக்சிகோக்காரர்களைவிடச் சீனர்கள் தங்கள் சொல் அதிகம் எடுபடுவதாகச் சொன்னார்கள். மெக்சிகோவிலோ போட்டித் தேர்தலில் ஆளும் கட்சியே மாறியிருந்த சமயம் அது. பிறகு, குடிநீர் இல்லாமல் அவதிப்படும் கற்பனை மனிதர்கள் சிலரை விவரித்து, இவர்களுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று அதே அளவுகோலில் மதிப்பிடச் சொன்னார்கள். அந்தப் பொது உதாரணங்களை வைத்து அளவுகோலைச் சரிசெய்து பார்த்ததும் வரிசை தலைகீழானது. 'அதிகம்' என்ற சொல்லுக்கு இரு நாட்டிலும் வேறு வேறு அளவு இருந்திருக்கிறது. வளர்ச்சி வங்கிகளின் கணிப்பிலும் இப்படி இரண்டு மூன்று கற்பனை உதாரணங்களைச் சேர்க்கலாம். கேள்வித்தாள் நீளும் என்பதால் யாரும் விரும்புவதில்லை. நான் இருந்தால், வேறு பத்துக் கேள்விகளை வெட்டிவிட்டு இதைச் சேர்ப்பேன்.

மொழியும் அப்படித்தான். 'கவர்னன்ஸ்' என்ற சொல்லைத் தமிழில் 'நல்லாட்சி' என்று போட்டுவிட்டால் கேள்வியே ஆளும் கட்சியைப் பற்றியதாகிவிடும். 'ஆளுகை' என்று போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. 'அரசுப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா, அதற்கு யார் கணக்குச் சொல்கிறார்கள்' என்று பிரித்துக் கேட்டால் பதில் வரும். ஒரே கேள்வியில் இரண்டு விஷயத்தைக் கட்டிவிடுவது இன்னொரு தொல்லை. 'வங்கியின் ஆலோசனை தரமாகவும் உரிய நேரத்திலும் கிடைக்கிறதா?' தரம் அருமை, நேரம் மோசம் என்பவர் எங்கே டிக் செய்வார்? நடுவில் 5 போட்டுவிட்டுப் போவார். அந்த 5-க்கு அர்த்தம் எதுவும் இல்லை.

இவ்வளவு ஓட்டைகளையும் சொன்ன பிறகும், இந்தக் கணிப்புகள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நான் பார்த்த வரையில், நாடு மாறினாலும் திரும்பத் திரும்ப ஒரே குறை வருகிறது: நடைமுறை மெதுவாக இருக்கிறது, விதிமுறை சிக்கலாக இருக்கிறது. மேலே சொன்ன அதிகாரியைப் போன்றவர்கள் மென்று விழுங்கியும்கூட அது வருகிறது என்றால், அடியில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உபசாரம் ஒரே பக்கம்தான் தள்ளும். அதனால் அதையும் மீறி வரும் குறையைத் தாராளமாக நம்பலாம்.

அதேபோல் குழுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. வங்கியோடு சேர்ந்து வேலை செய்பவர்கள் அதிக மதிப்பெண் தருவதும், வெளியில் நின்று பார்ப்பவர்கள் குறைவாகத் தருவதும் பொதுவாக நடப்பது. 'எங்களை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு எங்களைப் பிடிக்கிறது, ஆகவே இன்னும் விளம்பரம் செய்வோம்' என்று வங்கியின் தகவல் தொடர்புப் பிரிவு அதை வாசிக்கும். எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடு இல்லை. நன்றாகத் தெரிந்தவர்களில் பலர் அந்தத் திட்டத்திலேயே சம்பளம் வாங்குபவர்கள். தெரிந்துகொண்டதால் பிடித்ததா, அங்கேயே பிழைப்பு இருப்பதால் பிடித்ததா என்று பிரித்துப் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போகக் கூடாது. இடைவெளி மூன்றாண்டுக்கு மூன்றாண்டு விரிகிறதா, சுருங்குகிறதா என்று பாருங்கள். அதிகாரிகளின் மதிப்பெண் 8-லேயே நிற்க, தொண்டு நிறுவனங்களின் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போனால், களத்தில் ஏதோ ஒரு திட்டம் கோணிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

கேட்கப்படாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வராது. சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985-ல் 45 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. அந்தச் சமயத்தில் தலைநகரிலும் மாநிலத் தலைநகரங்களிலும் கருத்துத் தலைவர்களிடம் கணிப்பு எடுத்திருந்தால் நல்ல மதிப்பெண்ணே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நர்மதைப் பள்ளத்தாக்கில் நிலம் இழக்க இருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் பேசியது போராட்டத்தின் வழியாக. அதன் பிறகுதான் வங்கி பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையில் சுயேச்சைக் குழு ஒன்றை அமைத்தது. மறுகுடியமர்வும் சுற்றுச்சூழல் ஏற்பாடுகளும் சரியில்லை என்று 1992-ல் அது அறிக்கை தந்தது. 1993 மார்ச்சில் இந்தியா மீதிக் கடனை வேண்டாம் என்றது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிடுவதற்கான விசாரணைக் குழுவை வங்கி உருவாக்கியது. பிறகு ஏழைகளின் குரலை அவர்களிடமே கேட்டு எழுதும் முயற்சியும் நடந்தது. 2000-ஐ ஒட்டி 60 நாடுகளில் 60,000 ஏழை மக்களின் பேச்சைத் திரட்டினார்கள். அது வறுமையைப் பற்றிக் கேட்டது, வங்கிக்கு மதிப்பெண் போடச் சொல்லவில்லை. இன்றுவரை, கடனில் கட்டிய சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் அந்த வங்கிக்கு எத்தனை போடுவார் என்று தொடர்புடையோர் கணிப்பில் பார்க்க முடியாது. திட்டத்துக்குத் திட்டம் மக்களிடம் கலந்து பேச வேண்டும் என்று 2018 முதல் நடைமுறையில் உள்ள உலக வங்கியின் சுற்றுச்சூழல், சமூக விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் கலந்துபேச்சு வேறு, இந்தக் கணிப்பு வேறு. கணிப்பில் 7.2 வந்துவிட்டது என்று காட்டி, ஒரு கிராமத்தின் புகாரை ஒதுக்கக் கூடாது.

வங்கியே கேட்காமல் வெளியார் கேட்டால் நன்றாக இருக்காதா என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் நடக்கிறது. அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தில் உள்ள எய்டுடேட்டா என்ற ஆய்வு அமைப்பு, 2014-ல் 126 நாடுகளில் ஏறத்தாழ 6,750 கொள்கை வகுப்பாளர்களையும் திட்டச் செயல்பாட்டாளர்களையும் கேட்டது. பல உதவி அமைப்புகளை ஒரே அளவுகோலில் வைத்தது. நன்கொடை நாடுகளின் கூட்டமைப்பான மோபன் 2002 முதல் இயங்குகிறது. பன்னாட்டு அமைப்புகளை மதிப்பிடும்போது அவற்றோடு வேலை செய்பவர்களையும் கேட்கிறது. இரண்டு விதமாகவும் கேட்டு, இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டினால் நம்பிக்கை கூடும். ஆனாலும் வெளியார் அறிக்கையைப் படித்துவிட்டு ஓரமாக வைக்க வங்கியால் முடியும். தானே காசு போட்டு, தானே கேள்வி எழுதி, தானே வெளியிட்ட முடிவை அப்படித் தள்ளிவிட முடியாது. நீங்கள் அதை நீட்டிப் பேசலாம்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு: நிரப்புங்கள். ஒரே அமர்வில் 8, 8 என்று போட்டுத் தள்ளாதீர்கள். அப்படி ஒரே எண்ணாக வரும் படிவத்தைக் கணக்குப் போடுபவர்கள் ஒதுக்கிவைக்கவும் வாய்ப்புண்டு. தெரியாத கேள்விக்கு 5 போடாதீர்கள். 'தெரியாது' என்ற கட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. அது இல்லையென்றால் காலியாக விடுங்கள். நாடு முழுவதைப் பற்றிய கேள்விக்கு உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு திட்டத்தை மனதில் வைத்துப் பதில் சொல்வதாக இருந்தால், அதைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். கூட வேலை செய்யும் ஒருவரைத் தனியாக நிரப்பச் சொல்லி, பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கேதான் உங்கள் நிறுவனம் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கும்.

படிவத்தின் கடைசியில், 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்று ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. கணக்குப் போட்ட காலத்தில் நான் முதலில் படித்தது அந்தக் கட்டத்தைத்தான். வங்கியின் ஆட்களும் கூட்டத்தில் வாய்விட்டுப் படிப்பது அந்த வரிகளைத்தான். 'வங்கி இன்னும் வெளிப்படையாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எந்த ஆவணத்தை எந்த மாதம் கேட்டீர்கள், எத்தனை வாரம் கழித்து வந்தது, வந்தபோது எந்த மொழியில் இருந்தது, அதற்குள் உங்கள் ஊரில் என்ன வேலை முடிந்துபோயிருந்தது என்று நான்கு வரி எழுதுங்கள்.

அப்புறம், அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து அடுத்த படிவம் வரும்போது, பழைய நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நிரப்ப வேண்டும்.